எங்கள் தெருவில் வெயில் என்றால்

1

கல்லறைத் திருநாளுக்கு மறுநாள் தம்பி தாஸுக்குப் போன் போட்டேன். நைனா கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்தாயா, மெழுகுவர்த்தி ஏற்றினாயா, பூ வாங்கினாயா என்று வருஷா வருஷம் கேட்கிறதையே கேட்டேன். ஸ்காட்லாந்தில் உட்கார்ந்துகொண்டு வேறென்ன செய்ய முடியும்? எல்லாவற்றுக்கும் "ஆச்சிக்கா, ஆச்சிக்கா" என்றான். அம்மாவிடம் கொடு என்றேன்.

"அது சாப்டாம படுத்துகினு கீதுக்கா" என்றான்.

துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் விஷயம் வந்தது. கல்லறைத் தோட்டத்தில் நல்ல கூட்டமாம். வெளியூரிலிருந்து வந்த ஒரு பெண் எங்கம்மாவைக் காட்டி இது யார் என்று கேட்டிருக்கிறாள். நம்ம தெருக்காரி ஒருத்தி, அம்மா காதில் நன்றாக விழும் தூரத்தில் நின்றுகொண்டு, சிரித்தபடி சொல்லியிருக்கிறாள்: "இதுதான் புருசனக் கருவாடு காயப்போட்ட ஆரோக்கியம்."

போனை வைத்துவிட்டு சமையலறையில் நின்றபடியே அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது. அந்தக் கோபம் ஆறுவதற்குள் இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். கடப்பாக்கத்துப் பக்கம் இதைப் படிக்கிறவர்களே, எங்கள் வீட்டு அடக்கத்துக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போனவர்களே, உங்களுக்குத்தான் இது. எங்க நைனா சவரிமுத்துவை மண்ணுக்குள் வைத்த அன்று என்ன நடந்தது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க, கையை ஒரு தடவை தொட, நான் கடல் தாண்டி வந்தேன் என்பதும், என்னால் முடியவில்லை என்பதும் தெரியும். அதற்கு எங்கம்மாதான் காரணம் என்று ஆறு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அன்றைக்கு எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடந்ததை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

2

அதே வாரத்தில் வேறொன்றும் நடந்தது. சின்ன விஷயம்தான்.

என் மகள் ஜெனிக்கு ஒன்பது வயது. அவள் பள்ளிக்கூடத்தில், வீட்டில் வேறு பாஷை பேசுகிற பிள்ளைகளெல்லாம் சூரிய வெளிச்சத்துக்கு உங்கள் பாஷையில் என்ன சொல் என்று எழுதி, அதை வைத்து ஒரு வாக்கியமும் எழுதிக்கொண்டு வரவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். நவம்பர் மாசம். இங்கே அந்த மாசத்தில் எட்டு மணிக்குப் பொழுது விடிந்து நாலு மணிக்கெல்லாம் அடைந்துவிடும். அதனால் டீச்சருக்கு அந்த ஆசை வந்திருக்கும்.

"வெயில்" என்று சொல்லிக்கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டி எழுதினாள். வாக்கியத்தை நானே யோசிக்கிறேன் என்று மேசைக்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டாள். வெளியே வந்து நீட்டிய தாளில் இப்படி இருந்தது: "எங்க அம்மா ஒரு வெயில்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைச் செங்கல்பட்டில் யாராவது கேட்டால், ஐயோ பாவம், அம்மா அப்படி என்ன திட்டினாள் என்றுதான் கேட்பார்கள். அடுத்த வீட்டுக் கிழவி இவளைக் குழந்தையிலிருந்தே சன்ஷைன் சன்ஷைன் என்று கூப்பிடுவாள். அதிலிருந்து பிடித்துக்கொண்டுவிட்டது பெண். இந்த ஊரில் வெயில் ஒரு கொஞ்சல். அரை மணி நேரம் அடித்தால் போதும், முன்பின் தெரியாதவன்கூட நம்மைப் பார்த்துப் பல்லைக் காட்டுவான். ஆபீஸ் போகிறவன் சட்டையைக் கழற்றிவிட்டுப் புல்லில் படுத்துவிடுவான்.

தமிழில் அந்தக் கதையே வேறு. விளக்குக்கு நம்மிடம் எத்தனை மரியாதை! குடும்பத்துக்கு வந்த மருமகள் குலவிளக்கு. படிப்பு வந்தால் வாழ்க்கையில் வெளிச்சம். பிள்ளை கண்ணுக்கு ஒளி. வெயிலுக்கு மட்டும் வாழ்நாளெல்லாம் வசவு. கொளுத்துது, பொளக்குது, பல்லை இளிக்குது. வெயிலில் அலையாதே கறுத்துடுவே. வெயில் தாழ வா. வெயில் படாமல் வளர்ந்தவள் என்றால் பணக்காரி. வெயிலில் காய்ந்தவன் என்றால் ஒன்றுமில்லாதவன். ஒரு நல்ல வார்த்தைகூடக் கிடையாது.

ஜெனி எழுதியது தப்பு, தமிழில் அப்படிச் சொல்ல மாட்டோம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஏனென்றால் இதையே தமிழில் சொன்ன ஒரு மனுஷன் இருந்தார். அவள் தாத்தா. இவள் அவரை ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள். இவளுடைய தமிழோ வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டு வருகிறது. நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள், அதுவும் இந்த ஊர் இங்கிலீஷ், எனக்கே பாதி புரியாது. போகிற போக்கில் தாத்தா சொன்ன மாதிரியே ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

3

நைனாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை. அவருக்கு முந்தின தலைமுறை அடுத்தவர் நிலத்தில் நட்டு, அறுத்து, அடுத்தவர் களத்தில் தூற்றியது. நைனா காலத்தில் உப்புக்கு வந்தோம். மழைக்காலம் முடிந்து, தை மாசம் பிறந்ததும் பாத்திகளில் இறங்கி, சேற்றை மிதித்து மிதித்துத் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். பிறகு கடல் தண்ணீர் ஏறி நிற்கும் கழியிலிருந்து உப்புத் தண்ணீரைப் பாய்ச்சிவிட்டு வெயிலுக்குக் காத்திருக்க வேண்டும். வெயில் அடித்தால் உப்பு பூக்கும். உப்பு பூத்தால் வாரலாம். வாரினால் கூலி. நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் அத்தனையும் கரைந்து போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் வேலையே கிடையாது. வீட்டில் ஒருவேளைக் கஞ்சிதான்.

அதனால் எங்கள் தெருவில் வெயில் என்றால் சோறு. ஒருத்தர் வீட்டில் நல்ல காலம் வந்தால், "அவன் வூட்ல இப்ப வெயிலடிக்குது" என்பார் நைனா. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால், "இன்னாடி லூர்து, மோடம் போட்டுகினு கீது?" என்பார்; மோடம் என்றால் மேகமூட்டம். இதெல்லாம் ஊர்ப் பேச்சு என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருநாள், நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பதற்குப் பொருள் எழுதச் சொன்னார்கள். வெயில் அடித்தால்தான் கூலி வரும், கூலி வந்தால்தான் கூரை போட முடியும், கூரை போட்டால்தான் நிழல் என்று எழுதினேன். வாத்தியார் அதை வகுப்பு முழுக்கப் படித்துக் காட்டி முட்டை போட்டார். நைனாவிடம் சொன்னேன். "சரியாத்தானே எழுதிக்கிற, அந்தாளுக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

கோவிலில் மழை வேண்டிப் பூசை வைப்பார்கள் இல்லையா, அந்தக் கூத்தைச் சொல்ல வேண்டும். பயிர் காய்கிறது, எல்லோரும் மன்றாடுவோம் என்று சாமியார் கையை விரிப்பார். ஊரெல்லாம் ஆமென் என்று சொல்லும். எங்கள் தெருவிலிருந்து வந்தவர்கள் மட்டும் கடைசி வரிசையில் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நிற்போம். ஒரு தடவை பூசை முடிந்ததும் சாமியார் நைனாவைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா சவரிமுத்து, நீ ஆமென் சொல்லலையே?"

"சாமி, நீங்க கேட்டா குடுத்துருவாரு. நானும் சேந்து கேட்டா ரொம்பக் குடுத்துருவாரு. அப்புறம் எம் பொண்டாட்டி வுலைல இன்னா போடுவா?"

சாமியாரே சிரித்துவிட்டார்.

அம்மாவுக்கும் எல்லா நோய்க்கும் மருந்து வெயில்தான். சளியா, காய்ச்சல் விட்ட உடம்பா, முதுகைக் காட்டிக்கொண்டு காலை வெயிலில் உட்கார வேண்டும். நான் செங்கல்பட்டில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்த காலத்தில், லீவுக்கு வருகிறேன் என்று தகவல் போனால், அன்றைக்கு என் பாயும் தலையணையும் போர்வையும் பகல் முழுக்க வேலிமேல் கிடக்கும். ராத்திரி படுத்தால் போர்வை வெதுவெதுவென்று இருக்கும். "வர்றவங்களுக்கு சில்லுனு எதையும் குடுக்கக் கூடாதுடி" என்பாள். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு எங்கம்மா செய்யத் தெரிந்த உபசாரம் அது ஒன்றுதான். வேறு செய்ய வீட்டில் என்ன இருந்தது?

எனக்கு முதல் சம்பளம் வந்தபோது நைனா டீக்கடையில் போய், "எம் பொண்ணுதான்டா எங்கூட்டு வெயிலு" என்று சொல்லியிருக்கிறார். "அப்ப சுடுமே அண்ணாத்த" என்று கிண்டல் செய்திருக்கிறார்கள். "சுடும்தான். சுடாம உப்பு எப்டிடா வெளையும்?" என்றாராம்.

4

இரண்டாயிரத்து இரண்டில் நான் இங்கே வந்தேன். அப்போது நர்சுகளை ஏஜென்சிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக அழைத்துக்கொண்டு போனார்கள். மீனம்பாக்கத்தில் வழியனுப்ப வந்த நைனா கேட்ட கேள்வி, "அங்க வெயிலு எப்டி?" என்பதுதான்.

"கம்மிதான் நைனா."

"கூலியும் கம்மியா?"

இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் முகம் தெளியவில்லை. வெயில் இல்லாத ஊரில் எவன் என்னத்தைக் கொடுத்துவிடுவான் என்பதுதான் அவருடைய கணக்கு.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போன். முதலில் டீக்கடைக்கு, பிறகு தாஸ் செல்போன் வாங்கிய பின் வீட்டுக்கே. எடுத்ததும், "வெயிலு கீதா?" என்பார். நாலு மணிக்கே இருட்டுகிறது என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "நாலு மணிக்கே இருட்டுற ஊர்ல மனுசன் எதுக்குடி கீறான்?" என்று கேட்டார். ஆனால் வந்துவிடு என்று ஒருநாளும் சொன்னதில்லை. தம்பி கட்டிய வீடும், அம்மாவின் கண் ஆபரேஷனும் எங்கிருந்து வந்தன என்று அவருக்குத் தெரியும். "இங்க நல்ல வெயிலு, உப்பு நல்லா பூத்துகினு கீது" என்று அவர் சொன்னால், நாங்கள் நன்றாக இருக்கிறோம், நீ கவலைப்படாதே என்று அர்த்தம். "கொஞ்சம் மோடமா கீது" என்றால் நான் தாஸைத் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பேன். ஒன்று அம்மாவுக்கு உடம்பு சரியாக இருக்காது, இல்லை இவருக்கு வேலை இருக்காது.

போன வருஷம் எனக்குக் கை கால் எலும்பெல்லாம் வலி. ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், உங்கள் உடம்பில் வெயில் போதவில்லை என்றார். வெயிலில் கிடைக்க வேண்டிய சத்து என்று தினம் ஒரு மாத்திரை எழுதித் தந்தார். உப்பளத்துச் சவரிமுத்து மகளுக்கு வெயிலை மாத்திரையாகத் தருகிறார்கள் என்றால் நைனா விழுந்து விழுந்து சிரித்திருப்பார். சொல்ல ஆள் இல்லை.

5

இரண்டாயிரத்து ஆறு, பொங்கல் முடிந்த வாரம். பாத்தி மிதிக்கிற வேலை தொடங்கியிருந்தது. நைனா மதியமே வீட்டுக்கு வந்து, நெஞ்சு கனமாக இருக்கிறது என்று வாசலில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருக்கிறார். அம்மா சுடுதண்ணி கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. நான் வார்டில் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். "அக்கா, நைனா பூட்டாரு" என்று தாஸ் சொன்னபோது கையிலிருந்த மருந்துத் தட்டை அப்படியே வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டில் நோயாளிதான் அதை வாங்கி மேசைமேல் வைத்தார்.

அப்போது எங்கள் எல்லோருடைய பாஸ்போர்ட்டும் விசா அலுவலகத்தில் இருந்தது. தங்குவதற்கான அனுமதியை நீட்டிக்க அனுப்பியிருந்தோம். எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போன் போட்டால் பாட்டுத்தான் கேட்கும். நான் தாலுக்கா ஆபீஸ் வாசலில் கால் கடுக்க நின்றவள்தான். ஆனால் அங்கே ஒரு முகம் இருக்கும், அழலாம், சண்டை போடலாம், யார் காலிலாவது விழலாம். இங்கே பாட்டின் காலில் எப்படி விழுவது?

கடைசியில் ஒரு பெண் எடுத்தாள். ரொம்ப மரியாதையானவள். ஒவ்வொரு தடவை முடியாது என்று சொல்வதற்கு முன்னும் உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன் என்பாள். அடக்கம் என்றைக்கு என்று கேட்டாள். நான் போகிற அன்றைக்கு என்றேன். தேதி வேண்டும் என்றாள். நான் என்றைக்குப் போகிறேனோ அதுதான் தேதி, நீங்கள் பாஸ்போர்ட் கொடுத்தால்தான் தேதி சொல்ல முடியும் என்றேன். அவளுடைய கம்ப்யூட்டரில் அதை எழுத இடமில்லை.

இறந்ததற்குச் சான்று கேட்டாள். தாஸ் ஓடி ஓடி வாங்கி அனுப்பினான். அது தமிழில் இருக்கிறது, மொழிபெயர்த்து முத்திரை வைத்து அனுப்புங்கள் என்றார்கள். நானே மொழிபெயர்த்துத் தருகிறேன் என்றால் செல்லாது, நீங்கள் மகள். தாஸ் செங்கல்பட்டு கோர்ட் வாசலில் ஒரு நோட்டரியைப் பிடித்து முத்திரை குத்தி வாங்கி, கல்பாக்கம் வந்து ஒரு கடையிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பினான். அப்பன் வீட்டில் கிடக்க, அவன் பஸ் பஸ்ஸாக ஏறிக்கொண்டிருந்தான்.

6

அத்தனை நாளும் நைனா ஐஸ் பெட்டியில் இருந்தார்.

எடுத்துவிடலாமே என்று சாமியார் சொல்லியிருக்கிறார், சொந்தக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள், நான்கூடச் சொன்னேன். அம்மா கேட்கவில்லை. மூத்த பிள்ளை வந்து நெற்றியில் சிலுவை போட்டு, கையைப் பிடித்து அனுப்ப வேண்டும். பொண்ணு வரட்டும். அவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெட்டியை அவளால் பார்க்க முடியவில்லை. கண்ணாடியில் பனி பூத்துப் பூத்து முகம் மறைந்துவிடுமாம். முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். தாஸ் போனை அவள் காதில் வைத்தான்.

"இன்னாடி இது அக்கிரமம். மழ நாள்ல ஒரு ஈரத்துணி மேல பட்டா தாங்க மாட்டாரு. ஐஸுக்குள்ள வெச்சிக்கிறாங்க."

"அம்மா, அவருக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றேன். நர்சு அல்லவா, எனக்குத் தெரியாதா?

"ஒனுக்கு எப்டித் தெரியும்? நீ தொட்டியா? நான் தொட்டேன். மூடியத் தொறக்கச் சொல்லித் தொட்டேன்." "நீ அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து தொட்டா இன்னாடி தெரியும் ஒன் கைக்கு? ஐஸுதான் தெரியும். ஒங்க நைனா கை அப்டியா இருந்துச்சி? சொல்லு. அப்டியா இருந்துச்சி?"

நைனாவின் கை எப்போதும் சுடும். உப்பு வாரி வாரிக் காய்த்துப்போன கை. காய்ச்சலா என்று நான் சின்ன வயசில் பயப்படுவேன்.

"இல்லம்மா" என்றேன்.

"அதான்" என்றாள் அம்மா.

அந்தப் பேச்சு அத்தோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். பாஸ்போர்ட்டைப் பற்றியே புத்தி முழுக்க இருந்ததால், அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று நான் யோசிக்கவே இல்லை.

7

பாஸ்போர்ட் வந்தது. என்னுடையது மட்டும். கணவரையும் ஜெனியையும் விட்டுவிட்டுக் கிடைத்த விமானத்தில் ஏறினேன். துபாயிலிருந்து தாஸிடம் சொன்னேன்: காலையில் ஏழு மணிக்கு இறங்கிவிடுவேன், ஒன்பதரைக்குள் வீட்டில் இருப்பேன்.

சென்னைக்குமேல் வந்தபோது கீழே ஒன்றும் தெரியவில்லை. ஒரே பனிமூட்டம். விமானம் இரண்டு சுற்று சுற்றியது. பிறகு பெங்களூரில் கொண்டுபோய் அதை நிறுத்திவிட்டு, பனி விலகும்வரை யாரும் கீழே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். என் போன் அங்கே வேலை செய்யவில்லை. இதை யாரிடம் சொல்ல? முன் இருக்கையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் தன் செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் வெட்கத்தை விட்டு அழுததைப் பார்த்து, பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுக் கொடுத்தார்.

"தாஸு, பெங்களூர்ல நிக்குதுடா. லேட்டாகும்."

அந்தப் பக்கம் ஒப்பாரிச் சத்தம்தான் கேட்டது.

"தாஸு?"

"அக்கா, எடுத்தாச்சிக்கா."

"என்னத்த?"

"நைனாவ. நீ ஒம்போதரைக்கு வந்துருவன்னு அம்மா பொட்டிலேர்ந்து எடுக்கச் சொல்லிச்சி. வாசல்ல கட்டில் போட்டு வெயில்ல வெச்சிகினு கீது."

இத்தனை நாள் ஐஸில் இருந்த உடம்பை வெயிலில் வைத்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். விமானம் முழுக்கத் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். "உள்ள வைடா! ஒடனே உள்ள வை!"

"பொட்டி இல்லக்கா. அடக்கம் இன்னிக்குத்தானேன்னு கடைக்காரன் வேன்ல ஏத்திகினு பூட்டான். செய்யூர் பக்கம் ஒரு சாவாம், அங்க வேணுமாம். நான் அப்பவே சொன்னேன், கேக்கல. பெரியவங்க சொன்னாங்க, கேக்கல. அக்கா வர்றா, சில்லுனு இருக்கக் கூடாதுன்றதையே திருப்பித் திருப்பிச் சொல்லுது. கையப் புடிச்சிகினு வுட மாட்டேங்குது."

"வெயில் எப்படி இருக்கு?"

"நல்ல வெயிலுக்கா" என்று சொல்லி அழுதான்.

நைனா வாயில் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை கேட்ட வார்த்தை அது. அன்றைக்கு அந்த வார்த்தையை நான் சபித்தேன். ஒரு மேகம் வரக்கூடாதா, ஒரு தூறல் போடக்கூடாதா என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, மோடம் வேண்டி மன்றாடினேன். சென்னையில் கிடந்த பனி கடப்பாக்கத்தில் கிடந்திருக்கக்கூடாதா? எங்களுக்கு என்றால் மட்டும் எல்லாம் தலைகீழாகத்தான் நடக்கும்.

பத்து மணிவரை பார்த்திருக்கிறார்கள். அதற்குமேல் தாங்கவில்லை. வாசனை வர ஆரம்பித்துவிட்டது. முகம் மாறத் தொடங்கியது. சாமியார் அம்மாவின் கையை விரல் விரலாகப் பிரித்து எடுத்தாராம். சவப்பெட்டியில் வைத்து, மூடி, ஜெபம் சொல்லி, அடக்கம் செய்துவிட்டார்கள். வேறு வழியில்லை. உங்களில் யார்மேலும் எனக்குக் குறை இல்லை, அந்த விஷயத்தில். என் இடத்தில் தாஸ்தான் சிலுவை போட்டான்.

நான் மீனம்பாக்கத்தில் இறங்கி டாக்சி பிடித்தபோது பன்னிரண்டு மணி ஆகியிருந்தது. மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம், கூவத்தூர் என்று ரோட்டோரம் முழுக்க வெயில். டாக்சிக்காரர், "ஏசி போடட்டுமாம்மா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

வீட்டில் எல்லோரும் தலைமுழுகிவிட்டு ஈரத்தலையோடு உட்கார்ந்திருந்தார்கள். சாவு வீட்டில் முடிந்த பிறகு வருகிற ஒரு அமைதி இருக்குமே, அது. அம்மா இல்லை. கல்லறையிலிருந்து வரமாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்திருப்பதாகத் தாஸ் சொன்னான். என் பெட்டியை வாசலில் போட்டுவிட்டு ஓடினேன்.

மண்மேடு புதுசாக இருந்தது. பூவெல்லாம் அதற்குள் வாடிவிட்டது. பக்கத்தில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். தலையில் முந்தானைகூடப் போடவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

நான் என்ன சொன்னேன் என்று உங்களுக்குச் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் இப்போது சொல்கிறதையெல்லாம்விட மோசமாக நான் அன்றைக்கே சொல்லிவிட்டேன். "யாரும்மா ஒன்ன வெயில்ல வெக்கச் சொன்னது? பொணத்த யாராவது வெயில்ல வெப்பாங்களா? ஒனுக்குப் பைத்தியமா? எத்தன கடல் தாண்டி வந்தேன், என் நைனா மூஞ்சிய நான் பாக்கலியே, தொடலியே" என்று மண்ணில் விழுந்து கத்தினேன். நைனாவைப் பிணம் என்று முதலில் சொன்னவள் நான்தான்.

நான் கத்தி ஓய்ந்த பிறகு, மடியில் மூடி வைத்திருந்த வலது கையை எடுத்தாள். உள்ளங்கையில் சந்தனமும் எண்ணெய்ப் பிசுக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன. அடக்கம் முடிந்து எல்லோரும் கைகால் கழுவிக்கொண்டபோது, தண்ணீர் ஊற்ற வந்தவர்களை அவள் விரட்டியிருக்கிறாள். அது ஏன் என்று அங்கே இருந்த உங்கள் யாருக்கும் தெரியாது.

"கடசி வரைக்கும் புடிச்சிகினு இருந்தேன்டி" என்றாள். "நல்லா சூடு ஏறிடுச்சி. உசுரோட இருந்த மாரியே. அதான் நான் கையக் கழுவல."

கையை என்னிடம் நீட்டினாள்.

"தொடு, லூர்து. ஆறிப்போறதுக்குள்ள தொடு."

நான் பிடித்துக்கொண்டேன். சுட்டது.